கோட்டில் கிடந்த வளவு

எங்கள் கரையில் ஓர் ஆண் தன் வாழ்நாள் முழுவதும் பெண்களின் நிலத்தில்தான் நிற்கிறான். பிறக்கும்போது உம்மாவின் வீடு. அந்த வீடு அக்காவுக்கு, எங்கள் பேச்சில் ராத்தாவுக்கு, சீதனமாகப் போனதும் அவன் அங்கே விருந்தாளி. கலியாணம் முடித்தால் மனைவியின் வீடு. அதையும் மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, பின்பக்கத்தில் தாழ்வாரம் ஒன்றை இறக்கிக்கொண்டு இருப்பான். கடைசியில் மட்டும், அடக்கம் செய்கிற மையவாடியில் அவனுக்கென்று ஒரு துண்டு நிலம் கிடைக்கும்; அதற்கும் உறுதிப் பத்திரம் எழுத மாட்டார்கள். நான் குறை சொல்ல வரவில்லை. டென்னிஸ் விளையாடாத ஆண்களுக்கு இது நல்ல ஏற்பாடு.

டென்னிஸ் விளையாடுகிறவனுக்கு நிலம் வேண்டும். தட்டையான நிலம், நீளமாகவும் வேண்டும். கல்முனைப் பக்கத்தில் தட்டையான நிலத்துக்குக் குறைவில்லை. கடலைக்கூட அமைதியான நாளில் பார்த்தால் எனக்கு வலை கட்டத் தோன்றும். ஆனால் வீடு கட்ட வேண்டும், தென்னை வைக்க வேண்டும், நெல் விதைக்க வேண்டும் என்று அவரவர் தங்கள் தட்டையான நிலத்துக்கு ஏதோ ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அரசாங்கக் கந்தோரில். கிளாக்கராகச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கந்தோருக்குப் பின்னால் துரைமார் தங்களுக்காகப் போட்ட டென்னிஸ் தளம் ஒன்று இருந்தது. ஒரு பின்னேரம் டாக்குத்தர் லீவு. நாலு பேர் ஆட வேண்டிய ஆட்டத்துக்கு மூன்று பேர் நின்றார்கள். என் மேலதிகாரி அங்கும் இங்கும் பார்த்தார். ஜன்னல் சாத்திக்கொண்டிருந்த நான் அகப்பட்டேன். விளையாடத் தெரியுமா என்று கேட்டார். மேலதிகாரி கேட்கிற கேள்விக்கு வேறு பதில் அதுவரை நான் பழகியிருக்கவில்லை. ஓம் என்றேன்.

கையில் மட்டையைத் தந்தார்கள். பந்து என்னை நோக்கி வந்தது. கந்தோரில் எந்தக் காரியமும் என்னை நோக்கி அந்த வேகத்தில் வந்ததில்லை. கண்ணை மூடி, பிஸ்மி சொல்லி, வீசினேன். பந்து மட்டையில் எங்கோ பட்டு, வலைக்கு மேலால் போய், எதிர்ப்பக்கத்து மூலையில் விழுந்தது. அங்கே நின்ற இரண்டு துரைமாரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். அதுதான் நான் வாழ்க்கையில் அடித்த முதல் பந்து. அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக அதே மாதிரி இன்னொன்று அடிக்க முயன்றுகொண்டிருக்கிறேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்குப் பயம் சீக்கிரம் வரும். பயம் வந்தால் மற்றவர்கள் ஓடுவார்கள், அல்லது வாயை மூடிக்கொள்வார்கள். நான் விளக்கம் சொல்லத் தொடங்குவேன். டென்னிஸில் ஆட்டத்தைத் தொடங்கப் பந்து போடுகிறவனுக்கு இரண்டு தவணை உண்டு. முதல் பந்து வலையில் விழுந்தால் இரண்டாவது போடலாம். எனக்கு முதல் பந்து விழுந்ததுமே, அது ஏன் விழுந்தது என்று எதிராளிக்கு விளக்கத் தொடங்குவேன். விளக்கிக்கொண்டே இரண்டாவதையும் வலைக்குள் போடுவேன். பிறகு அதையும் விளக்க வேண்டியிருக்கும்.

என்றாலும் விடவில்லை. என் நாள் பின்னேரத்து அஸர் தொழுகைக்கும் அந்தி மஃரிபுக்கும் நடுவில்தான் இருந்தது. மற்ற நேரமெல்லாம் அதற்குப் போகிற வழியும் வருகிற வழியும். அஸர் தொழுதுவிட்டு இறங்கினால் மஃரிப் பாங்கு வரைக்கும் ஆட்டம். பாங்கு சொன்னால் யார் எந்த நிலையில் நின்றாலும் ஆட்டம் முடிந்தது. இதனால், பாங்கு சொல்கிற மோதினார் என்னைப் பல தோல்விகளிலிருந்து காப்பாற்றியிருக்கிறார். அவருக்குத் தொண்டை கட்டியது என்று கேள்விப்பட்டால் முதலில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டு போகிற ஆள் நான்தான். ஊரில் அதை என் ஈமானுக்குக் கணக்கு வைத்தார்கள்.

ஒரு தடவை பதவி உயர்வோடு இடமாற்றம் வந்தது. போய்ப் பார்த்தேன். நல்ல கந்தோர், நல்ல குவாட்டர்ஸ், பந்தடிக்க இடமில்லை. உடம்புக்கு அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கொள்ளாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அந்த ஊரில் நான் தண்ணி குடிக்கவே இல்லை.

கலியாணமும் அப்படித்தான். பெண்ணை எங்கள் வழக்கப்படி உம்மாவும் ராத்தாவும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். நான் வேலிக்கு வெளியே நின்று வளவைப் பார்த்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு துண்டு வெறும் நிலமாகக் கிடந்தது. வடக்குத் தெற்காகக் கிடந்தது. பின்னேர வெயில் ஆடுகிறவன் கண்ணில் நேரே அடிக்காது. உம்மா வெளியே வந்து, பிள்ளை நல்ல லட்சணம் என்றார். ஓம், நல்ல நீளமும் இரிக்கி என்றேன். உம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இந்தக் கதை எப்படியோ என் மனைவிக்கும் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து யார் வந்தாலும் அவள் சொல்வது இதுதான்: "இவர் என்னைக் கலியாணம் முடிச்ச மனிசன் இல்ல. வளவ முடிச்ச மனிசன்."

ஆனாலும் அந்த வளவில் நான் உடனே கை வைக்கவில்லை. கந்தோர்த் தளம் இருக்கும் வரைக்கும் அங்கேதான் ஆடினேன். வெள்ளைக்காரர்கள் நாட்டை விட்டுப் போகிற காலத்தில் புதிய மேலதிகாரி ஒருவர் வந்தார். அவருக்கு விளையாட்டுப் பிடிக்காது, ஜீப் பிடிக்கும். தளத்தில் ஜீப்பை நிறுத்தினார்கள். ஜீப்புக்கு நிழல் வேண்டும் என்று கொட்டில் போட்டார்கள். கொட்டில் போட்ட அன்று நான் வீட்டுக்கு வந்து, மனைவியிடம் அந்தப் பக்கத்து வளவைக் கொஞ்ச நாளைக்குக் கேட்டேன். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று அவள் கேட்டாள். நான் விளக்கினேன்.

தளம் போட்டது வரிப்பத்தான்சேனையில் எங்கள் வயலைப் பார்க்கிற காக்கா; வயதில் மூத்தவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். நெல்லுச் சூடடிக்கிற களத்தை, எங்கள் பேச்சில் களவெட்டியை, போடுகிற மாதிரியே போட்டார். புற்றுமண் கொண்டுவந்து, தண்ணி தெளித்து, அடித்து இறுக்கி, சாணி மெழுகினார். எல்லாம் முடித்துவிட்டு, நெல் எப்போது வரும் என்று கேட்டார். நெல் வராது என்றதும் சாணி வாளியைக் கீழே வைத்துவிட்டு, சுகமில்லையா என்று விசாரித்தார். வலைக்குச் சாய்ந்தமருதில் பழைய கரைவலையில் ஒரு துண்டு வாங்கிக் கட்டினேன். நல்ல உறுதியான வலை. மீன் வாடைதான் போகவில்லை. ஊர்ப் பூனைகள் எல்லாம் பின்னேரமானால் வலைக்கு அடியில் வந்து வரிசையாக இருந்துவிடும். பார்வையாளர்கள் இல்லாத குறை தீர்ந்தது.

எதிராளி காரைதீவிலிருந்து வந்தார். பள்ளிக்கூட வாத்தியார். சைக்கிள் தண்டில் மட்டையைக் கட்டிக்கொண்டு வருவார், நெற்றியில் திருநீறு வியர்வையில் கரையும் வரைக்கும் ஆடுவார், என்னைத் தோற்கடிப்பார், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். நான் அவரை மாஸ்டர் என்பேன். அவர் என்னைக் காக்கா என்பார். கணக்கு வாத்தியார். எதைக் கேட்டாலும் கேட்டதற்கு மட்டும் சரியான பதில் சொல்வார். அந்தப் பழக்கம் எனக்கு எவ்வளவு ஆபத்தானது என்று அப்போது தெரியவில்லை.

இனி ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிலீசுக்காரன் 'கோர்ட்' என்கிறதை எங்கள் ஊர் 'கோடு' என்றுதான் சொல்லும். நீதவான் இருந்து வழக்குக் கேட்கிற இடமும் கோடு. நான் பந்தடிக்கிற இடமும் கோடு. அந்த இடத்தில் சுண்ணாம்பால் இழுக்கிறதும் கோடு. நாங்கள் இதில் ஒரு நாளும் குழம்பியதில்லை. கிளாக்கர் கோட்டுக்குப் போயிட்டார் என்றால் கையில் மட்டையோடு போயிருக்கிறார் என்று கல்முனையில் எல்லோருக்கும் தெரியும். சம்மாந்துறைக்குத் தெரியாது.

ஐம்பதுகளின் நடுவில் என் இளைய மகளுக்குச் சம்மாந்துறையிலிருந்து சம்பந்தம் வந்தது. மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு நாங்கள் தாழ்வாரத்துக்கு வந்திருந்த காலம். மாப்பிள்ளை சங்கக்கடை மனேஜர். மூத்தவளின் கலியாணத்துக்கு வந்தவர், பந்தியில் ஆள் போதாமல் தானே எழும்பிச் சோற்றுச் சகனை, நாலைந்து பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற அந்தப் பெரிய தட்டை, தூக்கினார். தூக்கிக்கொண்டு போய் என் மச்சானின் மடியில் வைத்தார், கவிழ்த்து. இளையவள் இதை ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று கண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவள் தையல் மெசினில் இருந்து தனியாகச் சிரிப்பாள். சம்பந்தம் வந்த அன்று அவளுடைய உம்மா, இந்த மாதிரி சம்மாந்துறையில ஒரு, என்று தொடங்கியதுமே அவள் ஓம் என்றுவிட்டாள். ஒரு பெண்பிள்ளை அப்படி அவசரப்படக் கூடாது என்று மனைவி என்னிடம் குறைப்பட்டாள். பந்து வருமுன்னே மட்டையைத் தூக்குகிறது என்னிடமிருந்து வந்த பழக்கம் என்பதால் நான் வாய் திறக்கவில்லை.

மாப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. மாமாதான் எல்லாம். சம்மாந்துறையில் நெல் மில் வைத்திருக்கிற ஹாஜியார். அந்தப் பக்கத்தில் யாருக்காவது எல்லைச் சண்டை, வாய்க்கால் சண்டை என்றால் அவர் போய் இருந்து இணக்கம் செய்து வைப்பார். பெண்ணின் பேரில் வீட்டு வளவு எழுத வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். எழுதுவதாகச் சொல்லி அனுப்பினோம். எந்த வளவு என்று நான் அப்போது யோசிக்கவில்லை. மனைவி யோசித்திருந்தாள். இருந்தது ஒன்றுதான்.

நல்ல மனிதர்கள் சம்பந்தம் செய்யுமுன் விசாரிப்பார்கள். ஹாஜியார் கல்முனைச் சந்தைக்கு வந்தவர், ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்து விசாரித்தார். நடந்ததைக் கடைக்காரரே பிறகு என்னிடம் சொன்னார். எனக்கு உதவி செய்த பெருமை அவர் முகத்தில் இருந்தது.

அந்தக் கிளாக்கருடைய வளவு எப்படி என்று ஹாஜியார் கேட்டிருக்கிறார்.

"நல்ல வளவு ஹாஜியார். கோட்டுலதான் கிடக்கு."

"கோட்டுலயா? எவ்வளவு காலமா?"

"அது கன காலமா நடக்குது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் நடக்கும்."

"எதிராளி ஆரு?"

"காரைதீவு வாத்தியார் ஒராள்."

"ஆரு வெல்லுற?"

"எப்பவும் வாத்தியார்தான்," என்று சொன்ன கடைக்காரர், என் மேல் உள்ள அன்பினால் ஒன்றைச் சேர்த்தும் இருக்கிறார்: "ஆனா கிளாக்கர் விடமாட்டார். தோத்துத் தோத்து மறுகாவும் போவார்."

ஹாஜியார் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறினார். இரண்டு நாள் கழித்து என் மச்சான், மனைவியின் தம்பி, செய்தியோடு வந்தான். வளவு கோட்டில் இருக்கிறதாகக் கேள்வி. அது ஒரு முடிவுக்கு வரட்டும், மறுகா கதைப்போம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் 'மறுகா கதைப்போம்', பிறகு பேசுவோம், என்றால் இனிக் கதைக்கிறதில்லை என்று அர்த்தம்.

தாழ்வாரத்தில் தையல் மெசினின் சத்தம் நின்றது. அவ்வளவுதான்.  அந்தச் சத்தம் இல்லாத தாழ்வாரத்தில் எனக்கு உட்காரத் தெரியவில்லை. மனைவி வெற்றிலைத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, "போங்க, போய்க் கோட்டுல நில்லுங்க," என்றாள்.

எனக்கு வழக்கமான பயம் வந்தது. வழக்கமான வேலையைச் செய்தேன். மச்சானை இருத்தி வைத்து விளக்கினேன்: அது வழக்கு இல்லை, விளையாட்டு, தோற்பதும் வெல்வதும் பெரிய காரியமில்லை, சும்மா உடம்புக்கு நல்லது. மச்சான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். சம்மாந்துறைக்குப் போய் அவன் சொன்னது: "கோடு எண்டா எங்கட மச்சானுக்கு ஒரு விளையாட்டு ஹாஜியார். தோக்கிறதப் பத்தி அவருக்குக் கவலையே இல்ல. உடம்புக்கு நல்லமாம்." முதல் பந்து வலையில் விழுந்தது.

இரண்டாவதை நானே போட முடிவு செய்தேன். சாட்சிக்கு வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். எதிராளியே வந்து சொன்னால் நம்பாமல் இருக்க முடியுமா என்று நினைத்தேன். எதிராளியும் நானும் ஒன்றாக மில் வாசலில் இறங்குகிறதைக் கண்டதும் ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. எத்தனையோ பேர் அப்படி வந்திருக்கிறார்கள் அவரிடம். எங்களை நெல் மூடைகளில் எதிரெதிரே இருத்தி, தான் நடுவில் கதிரை போட்டு இருந்தார்.

"ரெண்டு பேரும் ஒண்டா வந்தது நல்லம். ஒரு இணக்கத்துக்கு வந்தா கோட்டுக்குப் போகத் தேவையில்ல. எல்லை எங்கால?" என்று வாத்தியாரைக் கேட்டார்.

"எல்லையில சிக்கல் இல்ல. சுண்ணாம்பால தெளிவாப் போட்டிரிக்கி," என்றார் வாத்தியார்.

"ஆரு போட்ட?"

"காக்காதான் போடுவார். மழைக்கு அழிஞ்சா திரும்பவும் போடுவார்."

"அதே இடத்திலயா?"

வாத்தியார் யோசித்தார். கணக்கு வாத்தியார். "சரியா அதே இடம் எண்டு செல்ல ஏலாது. போன மாரிக்குப் பொறகு என்ட பக்கம் கொஞ்சம் சின்னனாப் போச்சு."

ஹாஜியார் என்னைப் பார்த்தார். எல்லையை அரக்கி அடுத்தவன் நிலத்தைப் பிடிக்கிறவர்களைப் பார்க்கிற பார்வை அது. அவர் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருப்பார். எனக்குக் காது சுட்டது. விளக்கத் தொடங்கினேன். பக்கம் என்பது நிரந்தரம் இல்லை, ஆட்டத்தின் நடுவில் அவர் பக்கத்துக்கு நானும் என் பக்கத்துக்கு அவரும் மாறிக்கொள்வோம், நடுவில் வலை கட்டியிருக்கிறது என்றேன்.

"வேலி போடாம வலையா போட்டிரிக்கீங்க?"

"கரைவலைத் துண்டுதான். நல்ல உறுதி," என்றேன். அதைச் சொன்னால் நிலைமை தெளிவாகும் என்று ஏன் நினைத்தேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

அவர் எழும்பிக் கதிரையை ஓரமாக வைத்தார். பிறகு, நிலத்தைக் கண்ணால் பாராமல் ஒன்றும் சொல்ல முடியாது, வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வருகிறோம் என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் வாத்தியார், நாங்கள் சரியாக விளங்கப்படுத்தினோம்தானே என்று கேட்டார். ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். ஹாஜியார், அவர்களுடைய பள்ளிவாசலில் தொழுவிக்கிற லெவ்வை, மாப்பிள்ளையின் உம்மா, இன்னும் இரண்டு பெண்கள். பெண்கள் தென்னங்கிடுகு வேலிக்கு அங்கால் தாழ்வாரத்துக்குப் போனார்கள். ஆண்களுக்கு வளவின் ஓரத்தில் கதிரை போட்டோம். நான் காலையிலேயே எல்லாக் கோடுகளுக்கும் புதுச் சுண்ணாம்பு போட்டிருந்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஹாஜியார் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்து, "இண்டைக்குப் போட்டதா?" என்றார். அப்போதுதான் அது எப்படித் தெரியும் என்று எனக்கு உறைத்தது.

சம்பந்தக்காரர் முன்னால் முழங்கால் தெரிகிற வெள்ளைக் களிசான் போடக் கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். சாரனோடு ஆடினேன். சாரனோடு டென்னிஸ் ஆடுகிறவன் நேரே வருகிற பந்தை மட்டும்தான் அடிக்கலாம். வாத்தியார் ஒன்றையும் நேரே அடிக்கவில்லை. விட்டுக்கொடுங்கள் என்று நான் கேட்டிருந்தேன்தான். அதற்கு அவர், அப்படியானால் அது உண்மையான ஆட்டம் இல்லையே, பிறகு அவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று கேட்டிருந்தார். 

ஆட்டம் தொடங்கியதும் வாத்தியார் வழக்கம்போலக் கணக்கைச் சத்தமாகச் சொன்னார். "பிப்டீன் லவ்." கொஞ்ச நேரத்தில், "தேர்ட்டி லவ்." கதிரையில் இருந்த லெவ்வை எழும்பிவிட்டார். தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். என்ன காரியம், ஏன் இத்தனை தடவை கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். வாத்தியார் நின்று, அது உங்களை இல்லை, காக்காவிடம் ஒன்றுமில்லை என்று அர்த்தம் என்றார். அது சம்பந்தம் பேச வந்தவர்கள் காதில் விழ வேண்டிய வார்த்தை இல்லை. வேலிக்கு அங்கால் என் மனைவி செருமினாள்.

ஆனால் ஹாஜியார் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது அங்கால் போகிறது, இங்கால் வருகிறது, கோட்டில் விழுகிறது, நானும் வாத்தியாரும் அது உள்ளேயா வெளியேயா என்று வாய்ச்சண்டை பிடிக்கிறோம், பூனைகள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கின்றன. அவர் தலையும் திரும்பித் திரும்பி வந்தது. கடைசியில் கையைத் தூக்கினார். நாங்கள் நின்றோம்.

"இதுதானா கோடு?"

"இதுதான் ஹாஜியார்."

"நீதவான் ஒருத்தரும் வாறல்ல?"

"இல்ல."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். சத்தம் ஒன்றும் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. கண்ணைத் துடைத்துவிட்டு லெவ்வையைப் பார்த்தார், லெவ்வைக்கும் தொற்றிவிட்டது. எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. நான் வாத்தியாரைப் பார்த்தேன், வென்றுவிட்டோம் என்கிற மாதிரி. அவர் என்னைப் பார்க்காமல் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கை அவர் முன்பே போட்டு முடித்திருந்தார்.

"அப்ப வழக்கு ஒண்டுமில்ல," என்று ஹாஜியார் எழும்பினார். "நல்லம். வீடு எந்தப் பக்கம் பாத்து வரும்?"

இத்தனை நாளாக, இந்த வளவு வழக்கில் இல்லை, வெறும் விளையாட்டுத்தான் என்று ஊர் ஊராகப் போய் நிரூபித்துக்கொண்டிருந்தவன் நான். வெறும் விளையாட்டு என்றால் நாளைக்கே அத்திவாரம் வெட்டலாம் என்பது எனக்கு மட்டும் அதுவரைக்கும் தெரியாமல் இருந்தது. வழக்கு என்றால் தள்ளிப் போடலாம். விளையாட்டைத் தள்ளிப் போட என்ன காரணம் சொல்வது?

நான் சொன்னேன். புற்றுமண் தளம், தண்ணி கீழே இறங்காது, அதனால் அத்திவாரம் நிற்குமோ தெரியாது என்றேன். மாரிக்கு முன்னால் வெட்டினால் குழி நிறைந்துவிடும், மாரிக்குப் பிறகு மேசன்மார் கல்லோயாப் பக்கம் வேலைக்குப் போய்விடுவார்கள் என்றேன். வடக்குத் தெற்காகக் கிடக்கிற வளவில் வாசல் வைப்பது யோசிக்க வேண்டிய விஷயம் என்றேன். மண் எழும்பியிருக்கிறது, அது தணிய ஒரு போகம் போக வேண்டும் என்றேன். லெவ்வை தன் செருப்பைப் பார்த்தார். ஹாஜியார் தொப்பியைத் திரும்பவும் தலையில் வைத்தார். அவருடைய முகம் தேத்தண்ணிக் கடையில் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது கண்டேன். வளவு கோட்டில் இல்லை. ஆனால் இந்த மனிசனுக்குக் கொடுக்க மனமில்லை. அதுதான் அந்த முகத்தில் இருந்தது. அதை என்னால் மறுக்கவும் ஏலாமல் இருந்தது. அதனால் இன்னும் கொஞ்சம் விளக்கினேன். மேற்குப் பக்கத்து வெயிலுக்கு வந்துகொண்டிருந்தபோதுதான் கிடுகு வேலிக்குப் பின்னாலிருந்து என் இளையவளின் குரல் கேட்டது.

"வாப்பா. ஓமெண்டு செல்லுங்களன்."

சத்தமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. மெசினில் இருந்து நூல் கேட்கிற மாதிரிச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் இருக்கிற இடத்தில் பெண்பிள்ளை வாய் திறந்து எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை.  வாத்தியார் பந்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஓம்," என்றேன்.

அதற்குப் பிறகு விளக்கம் ஒன்றும் வரவில்லை. வாயைத் திறந்து பார்த்தேன். வரவில்லை.

ஹாஜியார் லெவ்வையின் பக்கம் திரும்பினார். "பொண்ணுட சம்மதம் கேக்கிற வேல உங்களுக்கு முடிஞ்சி லெவ்வை. ஊரே கேட்டிட்டு." லெவ்வை, இன்றைக்கு என்னைக் கூப்பிட்டதெல்லாம் இதற்குத்தானாக்கும் என்றார். ஹாஜியார் போய் வேலியில் ஒரு கம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்து, வாசல் எங்கே வரும் என்று காட்டச் சொன்னார். நான் நடந்து போய்க் காட்டினேன். வலை கட்டிய தூணுக்குக் கொஞ்சம் வடக்கே. அங்கே நட்டார்.

மஃரிபுக்குப் பிறகு நானும் வாத்தியாரும் வலையை அவிழ்த்தோம். பூனைகள் மட்டும் ஆட்சேபித்தன. மாரிக்கு முன்னால் அத்திவாரம் வெட்டினார்கள். மேசன் இரண்டு நாள் இரும்பு அலவாங்கால் குத்திவிட்டு, இது எந்தப் பாவி அடித்த தளம் என்று கேட்டான். எனக்கு அது வாழ்க்கையில் கிடைத்த பெரிய பாராட்டு. கலியாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளையைச் சகன் தூக்க ஒருவரும் விடவில்லை.

இப்போது நாங்கள் சம்மாந்துறையில் ஆடுகிறோம். ஹாஜியார்தான் கூப்பிட்டார். மில்லில் அவித்த நெல் காயவிடுகிற சீமெந்துத் தளம் இருக்கிறது, நெல் இல்லாத நேரம் சும்மாதானே கிடக்கிறது என்றார். சீமெந்தில் பந்து தலைக்கு மேலால் எழும்புகிறது. அதற்கு ஏற்ற மாதிரி இரண்டு பேரும் புதிதாகத் தோற்கப் பழகினோம். சிக்கல் என்னவென்றால், அந்தத் தளத்தில் நெல் இல்லாத நேரம் மிகவும் குறைவு. பின்னேரம் பஸ்ஸால் இறங்கிப் போனால், தளம் முழுக்க நெல் பரந்து கிடக்கும். அது காயாமல் அள்ள மாட்டார்கள். அள்ளாமல் ஆட முடியாது.

அதனால் இப்போது லீவு நாட்களில் நான் காலையிலேயே போய்விடுகிறேன். வெயில் ஏறுமுன் பலகையை எடுத்து நெல்லைக் கிளறிவிடுவேன். வாத்தியார் மற்றப் பக்கத்தில் கிளறுவார். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்து, இன்னும் பதம் வரவில்லை என்று அவர் சொல்வார், வந்துவிட்டது என்று நான் சொல்வேன், வாய்ச்சண்டை பிடிப்போம். மேகம் வந்தால் மில்லில் எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்து நெல்லின் மேல் படங்கை இழுத்து மூடுகிற ஆள் நான்தான். சம்மாந்துறையில் எனக்கு நல்ல பெயர். பெண் கொடுத்த இடத்து நெல்லைத் தன் நெல்லைப் போலப் பார்க்கிற மனிசன் என்கிறார்களாம். மனைவியிடம் சொன்னேன்.  எவ்வளவு நீளமான தளம் என்று மட்டும் கேட்டாள்.